ஒன்பதாவது வயலுக்கு ஒரு பிட்

கணினி அறிவியல் செய்முறைத் தேர்வுக்குப் போவதற்காகப் பாலத்தடியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். ராஜாங்கம் ஐயா மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினார். வழியில் நின்று என்னிடம் பேசுகிறவர் இல்லை அவர். எஞ்சினை அணைக்காமலே, “ஏ புள்ள, போர்டம்மா போயிட்டாங்க. காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவங்கதான், அப்படியே...” என்றார். பிறகு, “பரீச்சைய எழுதிட்டு வா. எழுதாம வந்தா அவங்களுக்குப் புடிக்காது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேர்வில் எனக்கு விழுந்தது, ஒரு எண்ணை இரும எண்ணாக மாற்றிக் காட்டும் நிரல். பிழையில்லாமல் எழுதி முடித்தேன். பிறகு வெளியே வந்து, குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

படத்திறப்பு அன்று படிப்பதற்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி போர்டம்மாவின் தம்பி இளங்கோ சார் என்னைக் கேட்டார். “நான் எழுதுனா கட்சி மேடைப் பேச்சு மாதிரி வந்துரும்மா. நீ பாத்தத எழுது, போதும்,” என்றார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கேட்கப் போகிற நீங்கள் எல்லாரும் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். அதனால் எங்காவது நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள். திருத்தினால் அவருக்கு மிகவும் பிடிக்கும்.

அவர் பெயர் கலைச்செல்வி. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர், வீட்டு வாசலில் கொடிக்கம்பம் என்று வாழ்ந்த கட்சிக்காரரின் மகள். சென்னையில் மின்சார மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தார். மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சில்லு என்ன செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுவது அவர் வேலை. அப்பா இறந்ததும் நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்தார். வந்த வருடமே பொதுப் போர்வெல்லுக்கு ஒரு மின்னணு போர்டு செய்து கொடுத்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் போர்டம்மா. கலைச்செல்வி என்று ஓட்டுச்சாவடியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள் என்று அவரே சிரிப்பார்.

அந்தப் போர்டு வருவதற்கு முன்னால் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாமல் போனதால், போர்டம்மாவின் அப்பா உட்பட, வயல் அடுத்தடுத்து உள்ள எட்டுப் பேர் சேர்ந்து அரசு மானியத்தில் போர் போட்டார்கள். தரைக்கடியில் குழாய் போய் ஒவ்வொரு வயலிலும் ஒரு வால்வில் முடியும். யார் வால்வை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு கோடையிலும் சண்டை. போர்டம்மா எல்லா வால்வையும் மின்சாரத்தில் திறந்து மூடுவதாக மாற்றி, மோட்டார் கொட்டகையில் ஒரு தகரப் பெட்டிக்குள் போர்டை வைத்தார். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் வால்வு தானாகத் திறக்கும். சண்டை நின்றது.

நின்றது என்றா சொன்னேன்? முதலில் ஒரு புதுச் சண்டை வந்தது. போர்டு பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் வயல் ராஜாங்கம் ஐயாவுடையது. அப்போதும் இப்போதும் தண்ணீர்க் குழுவின் செயலாளர் அவர்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் தன் பெயருக்கு நேரே சுழியத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் வயலு பூஜ்யமா? நாலு பேரு பாத்தா சிரிப்பானுவ. ஒன்னுலேந்து வைங்கக்கா.”

“மிஷின் பூஜ்யத்துலேந்துதான் எண்ணும் ராஜாங்கம்.”

“அப்ப மிஷினுக்கு எண்ணத் தெரியலன்னு அர்த்தம். ஒண்ணாப்புல கொண்டு போயி சேத்து வுடுங்க.”

மற்ற ஏழு பேரில் ஒருவரும் பூஜ்யத்தை ஏற்கவில்லை. கடைசியில், “சரிப்பா, பூஜ்யம் நானே. போதுமா?” என்று போர்டம்மா தன் வயலுக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு கடைத்தெருவில் அவர் வந்தால் ராஜாங்கம் ஐயா, “வழி வுடுங்கடா, பூஜ்யம் வருது,” என்பார். அவரும், “ஒன்னு பூஜ்யத்துக்கு அப்புறந்தான்டா,” என்பார். இந்தக் கதையை என் அப்பா எனக்கு ஐந்தாம் வகுப்பில் சொன்னார். கணக்குப் பாடத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அதற்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். கணினியின் நினைவில் மிகச் சிறிய இடம் பிட். அதில் ஒன்று அல்லது பூஜ்யம், இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டு வயலுக்கும் ஒரே ஒரு பைட் போதுமானதாக இருந்தது: ஒரு வயலுக்கு ஒரு பிட். ஒன்று என்றால் அந்த வயலுக்கு இன்னும் முறை பாக்கி இருக்கிறது, பூஜ்யம் என்றால் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் போர்டின் ரகசியம்.

எங்கள் வயல் அந்தக் குழாய்த் தடத்தின் கடைசிக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு மடத்துக்குச் சொந்தமான நிலம். ராஜாங்கம் ஐயாவின் சித்தப்பா மகன் பெயரில் குத்தகை இருந்தது. அவர் வெளிநாட்டில் இருந்தார். விதைத்ததும் அறுத்ததும் என் அப்பா. ஆனால் சாகுபடி செய்பவர் பெயரை எழுதும் அடங்கல் கணக்கில் அப்பாவின் பெயர் கிடையாது. உழுகிறவன் பெயரில் பதிய வேண்டும் என்று அப்பா தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். வாய்தா வாய்தாவாக இழுத்து, நான் ஆரம்பப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு அப்பா பெயருக்கு உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ராஜாங்கம் ஐயா வீடு இருக்கும் வடக்குத் தெருவில் பலர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் இறைத்த தங்கள் டீசல் எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உத்தரவில் நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை.

மானியத்தில் போட்ட போர் என்பதால் பக்கத்தில் உள்ள எல்லா வயலுக்கும் பங்கு உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பா குழுவிடம் கேட்டார். குழு சொன்ன பதில்: மிஷினில் எட்டு இடம்தான் இருக்கிறது. அந்த வருடம் சம்பா காய்ந்து போனால், நிலம் சாகுபடி ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்து, குத்தகையை மறுபடி தங்கள் பக்கம் திருப்ப ஆட்கள் காத்திருந்தார்கள். எங்களுக்கு அது ஒரு போக நெல்லோடு முடிகிற விஷயம் இல்லை.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போர்டம்மா வீட்டுக்குப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ராஜாங்கம் ஐயாவும் இன்னும் இருவரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. “குணசேகரன், உக்காருங்க,” என்றார் போர்டம்மா. அப்பா, “இருக்கட்டும்மா,” என்று நின்றார். அதனால் அவரும் உட்காரவில்லை. அவர் நிற்பதைப் பார்த்து, உட்கார்ந்திருந்த மூவரும் ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். காலி நாற்காலிகளைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டே பேசியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. எட்டுக்கு மேல போகாதுன்னு அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க?” என்றார் ராஜாங்கம் ஐயா.

“சொன்னேன்.”

“கேட்டுக்கிட்டியா குணசேகரா? நாங்க குடுக்க மாட்டோம்னா சொல்றோம்? மிஷின் அப்படி.”

“இரு ராஜாங்கம். அன்னிக்கு எட்டு பேரு இருந்தோம், எட்டுன்னு எழுதுனேன். ஒன்பது பேரு வந்தா ஒன்பதுன்னு எழுதணும். அதுல இடம் பண்ண முடியும். குடுக்கலாமா வேணாமாங்கறத நீங்க உக்காந்து பேசிக்குங்க. அதுல என் ஓட்டு ஒன்னுதான். ஆனா மிஷின் மேல பழியப் போடாத. அதுக்கு வாயில்ல.”

மிஷின் என்ற சாக்கு போனதும், மானியப் போரில் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் இழுத்துவிட்டு, சரி என்றார்கள்.

அந்த வேலை நடந்த நாட்களில்தான் எனக்கு அவரோடு பழக்கம். அவருடைய கணினி அப்போது பழுதாகிக் கிடந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணனுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி எங்கள் வீட்டில் சும்மா இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் போனதற்கு இன்னொரு காரணம், அவர் வீட்டு அலமாரி. அதில் கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சில்லுகளைப் பற்றிய தடித்த விளக்கப் புத்தகங்கள். எனக்கு எது கிடைத்தாலும் படிக்கிற பழக்கம். அவற்றையும் படித்தேன். “சொல்லிக் குடுக்க எனக்கு வராது. கோவந்தான் வரும். பக்கத்துல உக்காந்து பாக்கறதுன்னா பாரு,” என்றார். நான் பார்த்தேன்.

அவருடைய நிரலில் நான் முதலில் கவனித்தது மேக்ரோக்களின் பெயர். நீளமான ஒரு கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்தான் மேக்ரோ. ஒரு பிட்டை ஒன்றாக்குவதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘திற’. பூஜ்யமாக்குவதற்கு ‘மூடு’. என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு ‘பார்’. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்கள். கம்பெனியிலும் இப்படித்தான் எழுதுவாராம். பக்கத்து மேசை வடநாட்டுக்காரர் அர்த்தம் தெரியாமலே ஆறு மாதம் ‘மூடு, மூடு’ என்று எழுதிக்கொண்டிருந்தாராம். பிறகு ஒரு நாள் பேருந்தில் ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி அவரைப் பார்த்து ‘மூடு’ என்று சொன்னதும், மழைக்கு ஜன்னலைத் தானே மூடிவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னாராம்.

புத்தகத்தில் நான் படித்திருந்த இன்னொன்று அவர் நிரலில் இல்லை. ஒன்றாக இருந்தால் பூஜ்யமாகவும், பூஜ்யமாக இருந்தால் ஒன்றாகவும் புரட்டிப் போடும் மேக்ரோ. ஏன் இல்லை என்று கேட்டேன்.

“புரட்டிப் போடுன்னா, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது எனக்கு எப்பவும் நிச்சயமாத் தெரியாது. அதனால திறன்னா திற, மூடுன்னா மூடு. நினைச்சுக்கிட்டுச் செய்யற வேலையே நம்மகிட்ட கெடையாது.”

ஒரு பைட்டில் ஒன்பதாவது பிட்டுக்கு இடம் இல்லை. அதனால் எட்டுப் பிட் அகலமாக இருந்த எண்களை எல்லாம் அவர் பதினாறு பிட் அகலமாக்கினார். இன்னொரு சிறிய சில்லைப் போர்டில் பற்றவைத்தார். எங்கள் வயல் வரை குழாயை நீட்டினார்கள். சோதனை நாளில் எல்லாருக்கும் முன்னால் பொத்தானை அழுத்தினார். எங்கள் வால்வு டக்கென்று திறந்தது. தண்ணீர் வந்தது. என் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். அந்தச் சுற்று முழுவதும் ஒழுங்காக நடந்தது.

அடுத்த சுற்றில் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. சுற்று எட்டாவது ஆளோடு முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது. போர்டம்மா வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வந்தது. அவர் வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த சுற்றிலும் வரவில்லை.

அது தை மாதம். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வயலில் வரப்போரம் வெடிப்பு விடத் தொடங்கியது. “அவங்க நிக்கிற வரைக்கும் வருது. அவங்க தலை மறைஞ்சா நிக்குது. மனுசன் கை படாம இது எப்படி?” என்றார் அம்மா. கொட்டகைச் சாவி ராஜாங்கம் ஐயாவிடம் இருந்தது. எங்கள் தெருவில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அப்பாவின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் மடையை மண் போட்டு அடைத்தவை மனிதக் கைகள்தான். அப்பா போலீசுக்கு மனு எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைக் கேள்விப்பட்ட அந்தப் பக்கம், மனுக் கொடுத்தால் குழாயையே தோண்டி எடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பியது.

மறுநாள் காலை போர்டம்மா கொட்டகைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். “குணசேகரன், மத்தியானம் வரைக்கும் அந்தக் காகிதத்தைப் பையிலயே வச்சிருங்க. நீ வாடி, உங்க வயல்ல போயி நில்லு,” என்றார். நான் குழாய் வாயருகே போய் நின்றேன். அவர் கொட்டகைக்குள் இருந்து கத்தினார்.

“வருதா?”

“வருது!”

தண்ணீர் நின்றது. சிறிது நேரம் மோட்டார் சத்தமே இல்லை. மெயின் சுவிட்சையே இறக்கியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மறுபடி மோட்டார் ஓடியது.

“இப்ப?”

“இல்ல!”

“நல்லாப் பாரு!”

“சொட்டுக்கூட இல்ல!”

மறுபடியும் அதே போல் செய்தார். மறுபடியும் இல்லை. அதன் பிறகு கொட்டகையிலிருந்து சத்தம் ஏதும் வராததால் ஓடினேன். அவர் ஒரு உரச் சாக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நான்தான்டி,” என்றார். “ராஜாங்கமுமில்ல, எவனுமில்ல. நான்.”

நடந்தது இதுதான். நம் பகுதியில் பம்புசெட்டுக்கு மின்சாரம் விட்டு விட்டுத்தான் வரும். மின்சாரம் போனால் யார் யார் முறை பாக்கி என்பது மறந்து போகக் கூடாது என்பதற்காக, போர்டு அந்த எண்ணை அழியாத நினைவில் எழுதி வைக்கும். எல்லா இடத்திலும் அகலத்தைப் பதினாறாக்கியவர், அந்த ஒரு இடத்தில் மட்டும் எட்டாகவே விட்டிருந்தார். பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் போட்டால் கணினி மறுப்பதில்லை. எச்சரிக்கையும் செய்வதில்லை. கொள்கிற அளவை வைத்துக்கொண்டு, மேலே உள்ளதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். விட்டுப்போனது எப்போதும் ஒன்பதாவது பிட். சோதனையின்போதும் முதல் சுற்றிலும் மின்சாரம் போகவில்லை, அதனால் வந்தது. போய் வந்த போதெல்லாம் எங்கள் முறை இருந்த சுவடே போர்டுக்குத் தெரியவில்லை.

“மீட்டர்ல ஒரு பைட்டு மிச்சம் புடிச்சா மேனேஜரு கை குடுப்பாரு. அந்த நினைவுக்கு எழுதறப்ப கை தன்னால எட்டுன்னு எழுதிடுச்சு. பழகின கை,” என்று தன் கையைத் தானே ஒரு அடி அடித்துக்கொண்டார். எட்டைப் பதினாறாகத் திருத்தினார். ஒரே ஒரு வரி. சுவிட்சை இறக்கி ஏற்றினார். நான் வயலுக்கு ஓடினேன். தண்ணீர் வந்தது.

அதற்குள் இளங்கோ சார் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரி பண்ணியாச்சுல்ல? விட்டுடுக்கா. வெளிய சொன்னா, மிஷின் ஒன்பதைத் தாங்காதுன்னு திரும்ப ஆரம்பிப்பானுவ. குணசேகரனுக்குத்தான் நஷ்டம்,” என்றார். உண்மையாகச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

“அப்ப ராஜாங்கம்?”

“அவன் என்ன பெரிய யோக்கியனா?”

“இந்த விஷயத்துல யோக்கியன்தான்,” என்றார் அவர்.

மத்தியானம் கொட்டகை வாசலில் இரண்டு தெருக்காரர்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். அவர் நடுவில் நின்று, நான் மேலே எழுதியதை அப்படியே, பிட் என்ற சொல்லைக்கூட விடாமல் சொன்னார். சுவிட்சை இறக்கி ஏற்றி, பழைய நிரலில் தண்ணீர் நிற்பதையும் புதியதில் வருவதையும் காட்டினார். “குணசேகரன் கதிரு வாடுனதுக்கு நான்தான் காரணம். உங்க ரெண்டு பேரையும் மோத விட்டதும் நான்தான்,” என்றார்.

ராஜாங்கம் ஐயாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“ரெண்டு சுத்தா எம்பொண்டாட்டிகூட என்னைய நம்பலக்கா! ‘உண்மையச் சொல்லுங்க, ராத்திரி எந்திரிச்சுப் போனீங்களா’ன்னு கேக்குறா. நான் ஒன்னுக்குப் போனேன்டி!”

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஆனால் இளங்கோ சார் பயந்தது அடுத்த நிமிடமே வந்தது. பின்னாலிருந்து ஒருவர், “அப்ப பழைய புரோகிராமையே போட்டுடுங்க. எட்டுன்னா தகராறு இல்லாம ஓடுச்சுல்ல,” என்றார். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“தப்பு என்னுது. தண்டனை அவங்களுக்கா?” என்றார் போர்டம்மா. “இந்தச் சுத்துல என் முறையும் குணசேகரன் வயலுக்கு. என்னுது காஞ்சா காயட்டும். அடுத்த சுத்துலேந்து ஒன்பதும் ஓடும். எவனுக்காவது வரலன்னா எங்கிட்ட வாங்க, இன்னொருத்தன்கிட்ட போவாதீங்க.”

இதில் எனக்கு வியப்பு, முடித்து வைத்தது ராஜாங்கம் ஐயா என்பதுதான். எங்கள் மேல் திடீரென்று பிரியம் வந்து அவர் சொல்லவில்லை. “பழசெல்லாம் வேணாம்ப்பா. அக்கா அதுல என்னென்ன தப்பு வச்சிருக்கோ. இதுலயாவது ஒன்னக் கண்டுபுடிச்சாச்சு. இதே ஓடட்டும்,” என்றார்.

அப்பா சட்டைப் பையிலிருந்த மனுவை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு அம்மா அந்தச் சட்டையைத் துவைத்தபோது அது கூழாகிவிட்டது. அன்று மாலை எங்கள் வயலில் தண்ணீர் பாய்ந்தபோது போர்டம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளைச்சல் சுமார்தான், ஆனால் விளைச்சல். கிராம நிர்வாக அலுவலர் வந்து அடங்கலில் சாகுபடியை அப்பா பெயரில் எழுதிக்கொண்டு போனார்.

திருத்திய அந்த வரிக்கு மேலே அவர் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கணினி அதைப் படிக்காது, மனிதர்களுக்கு மட்டும். “இந்த இடத்தில் நான் எட்டு என்று எழுதியதால் ஒன்பதாவது வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. கலைச்செல்வி.” எதற்கு இது, அழித்துவிடலாமே என்று கேட்டேன். “அடுத்து வர்றவ இதே எடத்துல வழுக்கி வுழக்கூடாதுல்ல?” என்றார்.

அதன் பின் வந்த வருடங்கள் அவருக்கு நல்ல வருடங்கள் என்று எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி. சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில போர்களுக்குப் போர்டு செய்தார். எதைச் செய்தாலும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுவார். கொட்டகை வாசலில் காத்திருப்பவர்கள், “அக்கா கரண்ட்டோட கண்ணாமூச்சி ஆடுது,” என்பார்கள். மன்னார்குடிக் கடைத்தெருவில் பால்கோவா வாங்கினால் வீடு வருவதற்குள் பாதியைத் தானே தின்றுவிடுவார். பொங்கலுக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா அரைத்த மாவில் கோலம் போடத் தெரியாமல் கட்டம் கட்டமாகப் பதினாறு கட்டம் போட்டு வைத்தார். கடைசியாகப் பார்த்தபோது, மேற்படிப்புக்கு என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். “நல்லது. அவசரப்பட்டுப் புரட்டிப் போடாத,” என்றார்.

நிரலை அவர் போன வருடமே என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது குழுவில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். போன வாரம் ராஜாங்கம் ஐயாவும் மற்றவர்களும் வந்தார்கள். எங்கள் வயலுக்குக் கிழக்கே ஒரு டெய்லர் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். அவரும் தண்ணீர் கேட்கிறாராம். நான் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “ஒன்பதோட முடிஞ்சுதுன்னு சொல்லிடேன்மா. பத்தாவது ஆளும் வந்தா நமக்கு முறை சுத்தி வர இன்னும் நேரமாவும்,” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. நேரமாகும்தான். என் அப்பா கெட்டவரும் இல்லை. வரப்பில் வெடிப்பு விட்ட அந்தத் தை மாதத்தை அவரால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“இன்னும் ஏழு இடம் இருக்குப்பா,” என்றேன்.

“அது உனக்கும் எனக்குந்தான தெரியும்?”

“ஆமாம்ப்பா. தெரியும்.”

போர்டம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது நிரலும் புத்தகங்களும் மட்டும் இல்லை. இடம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது. இதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தேநீர்த் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவர் சொல்வது அடுப்படி வரை கேட்டது.

“இடம் இருக்காம்யா. இன்னும் ஏழு பேருக்கு இருக்காம். உக்காருங்க, பேசுவோம்.”